நிற்கும் இடம்

கேரவன் என்ற சொல் இன்று நம்மிடையே சினிமாக்காரர்களின் சொல்லாகிவிட்டது. படப்பிடிப்பு நடக்கும் தெருமுனையில், ஜன்னல்களுக்குத் திரை போட்டுக்கொண்டு, ஏ.சி. இரைய, நட்சத்திரத்துக்காகக் காத்து நிற்கும் நீண்ட வண்டி. சொல் பிறந்தது பாரசீகத்தில். அங்கே கார்வான் என்றால் பாலைவனத்தைச் சேர்ந்து கடக்கும் வியாபாரிகளின் கூட்டம். ஐரோப்பிய மொழிகளுக்குள் போனபின் கூட்டம் என்ற அர்த்தம் தேய்ந்து, மூடிய வண்டி என்ற அர்த்தம் அதில் ஏறியது. பிறகு ஆங்கிலேயன் அதன் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டான். அந்த வால்தான் வேன். நம் பள்ளிக்கூடக் குழந்தைகளை அடைத்துக்கொண்டு போகும் வேனும், கைதிகளை ஏற்றிப்போகும் போலீஸ் வேனும் பாலைவனத்து ஒட்டக வரிசையின் வால்கள்.

சொல்லின் கதை சுவாரசியமானதுதான். ஆனால் சொல்லுக்குள் இருக்கும் சரித்திரத்தை நான் யோசிக்க ஆரம்பித்தது ஒரு தர்மசங்கடமான மாலையில்.

2013 ஜூன் மாதத் தொடக்கம். என் அக்கா மகன் அப்போது இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தில் வேலை பார்த்துவந்தான். படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வாடகை வண்டியை அவன் எடுத்திருந்தான். ரெடிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் டுவைஃபர்ட் என்ற சிற்றூரிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ் வரை போவது எங்கள் திட்டம். அந்த இரண்டு ஊர்களை ஏன் தேர்ந்துகொண்டோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். யார்க்ஷையரில் ஒரு பண்ணையில் இரவு தங்க வேண்டியிருந்தது. வயல் ஓரத்தில் ஐந்து வண்டிகள் நிற்க இடம், ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான் அந்த இடம். மழை தூறிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் மழைக்கோட்டோடு வந்து வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“நீங்கள் டிராவலர்ஸா?” என்று கேட்டார்.

“ஆமாம், டிராவலர்ஸ்தான். இன்வர்னெஸ் போகிறோம்” என்றான் என் மருமகன், வெகு உற்சாகத்தோடு.

அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. இடம் இல்லை என்றார். வயலில் இரண்டே வண்டிகள் நின்றன.

“என்ன மாமா, காலியாகத்தானே இருக்கிறது?” என்று அவன் தமிழில் என்னைக் கேட்டான். பிறகு ஞாபகம் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கேம்பிங் சங்கத்தின் அங்கத்தினர் அட்டையை எடுத்து நீட்டினான். அட்டையைப் பார்த்ததும் மனிதர் மறுபடியும் மாறினார். தவறாக நினைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார். நல்ல புல்லாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். சற்றுக் கழித்து ஒரு காகிதப் பையில் ஆறு முட்டைகள் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரம் ஆப்பில்பி என்ற ஊரில் ஜிப்ஸிகளின் குதிரைச் சந்தை, அதற்காக எல்லாச் சாலைகளிலும் அவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் கேட்டேன் என்று விளக்கமும் சொன்னார். பிரயாணி என்று அகராதி சொல்லும் டிராவலர் என்ற சொல்லுக்கு அந்த நாட்டில் நாடோடி ஜாதி என்று இன்னொரு அர்த்தம் இருப்பதை அன்றுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். நாங்கள் பிரயாணிகள் என்று சொன்னபோது எங்களுக்கு இடம் இல்லை. வீடு உள்ளவர்கள், விளையாட்டாக வந்திருக்கிறோம் என்பதற்கு அட்டை காட்டியபோது இடம் வந்தது.

மறுநாள் காலை சாலையில் இன்னொன்றைக் கவனித்தேன். சாலையை ஒட்டி அகலமான புல்தரைகள் வரும் இடங்களில் எல்லாம் பெரிய பெரிய பாறைகளை வரிசையாக உருட்டி வைத்திருந்தார்கள். சில இடங்களில் மண் வரப்பு, சில இடங்களில் பள்ளம். அழகுக்காக என்று முதலில் நினைத்தேன். வண்டிகள் ஏறி நின்றுவிடக் கூடாது என்பதற்காக என்று பிறகு தெரிந்தது.

சாலையின் சரித்திரத்தைப் போகிறவர்களின் சரித்திரமாகவே நாம் படித்திருக்கிறோம். யாத்திரீகன், வியாபாரி, படையெடுத்தவன், தேசாந்திரி. போவதை எந்த அரசாங்கமும் அதிகம் தடுத்ததில்லை. போய்க்கொண்டே இருப்பவனால் யாருக்கும் உபத்திரவமில்லை. வண்டியை நிறுத்தி, மாட்டையோ குதிரையையோ அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டும்போதுதான் கேள்வி வருகிறது. இது யாருடைய மண்? நீ யார்? எத்தனை நாள்? வண்டி வீட்டின் சரித்திரம் என்பது நிற்க யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்பதன் சரித்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் இரண்டு ஊர்களுக்கு வருகிறேன். வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் கடற்படையில் வைத்தியராக இருந்தவர், பிறகு பையன்களுக்கான சாகசக் கதைகளை நூற்றுக்கு மேல் எழுதித் தள்ளியவர். குடியிருந்தது டுவைஃபர்டில். 1885ல் பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் கம்பெனியிடம் சொல்லி அவர் ஒரு வண்டி செய்துகொண்டார். மஹாகனி மரத்தில் இழைத்தது. உள்ளே படுக்கை, புத்தக அலமாரி, சமையல் அறை. இழுக்க இரண்டு குதிரைகள். தரையில் ஓடும் உல்லாசப் படகு என்று அதைச் சொன்னார், வாண்டரர் என்று பெயர் வைத்தார். ஒரு வண்டிக்காரர், ஒரு வேலைக்காரர், ஒரு பெரிய நாய், ஒரு கிளி ஆகியோரோடு புறப்பட்டு, ஏறத்தாழ 1,300 மைல் சுற்றி இன்வர்னெஸ் சேர்ந்தார். வேலைக்காரருக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள். முன்னால் போய் வழி பார்ப்பது அவர் வேலை. 1886ல் இந்தப் பிரயாணத்தைப் புத்தகமாக்கினார். பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட முதல் வண்டி வீடு என்று கேரவன்காரர்கள் வாண்டரரைத்தான் கொண்டாடுகிறார்கள்.

ஸ்டேபிள்ஸ் தன்னைக் கனவான் ஜிப்ஸி என்று அழைத்துக்கொண்டார். இந்த இரண்டு சொற்களின் சேர்க்கையை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். ஜிப்ஸி என்பது அவர் போட்டுக்கொண்ட வேஷம். கனவான் என்பது அந்த வேஷத்துக்கான அனுமதிச் சீட்டு. அந்தி சாயும்போது ஒரு குடியானவரின் வாசலில் போய் நிற்கும் மஹாகனி வண்டியில் வந்தவர் வைத்தியர், எழுத்தாளர், வேலையாள் வைத்திருப்பவர் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வேலி திறக்கும்.

நிஜ ஜிப்ஸிகளிடம்கூட வண்டி வீடு அப்போது பழைய விஷயமல்ல. அதற்கு முன்பு ஹேஸல் மரக் கொம்புகளை வளைத்து ஊன்றி, கம்பளம் போர்த்திய கூடாரங்களில்தான் அவர்கள் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வண்டியே வீடாயிற்று. வார்டோ என்பார்கள். செதுக்கு வேலையும் பொன் பூச்சும் நிறைந்த வார்டோக்களில் புகழ்பெற்ற ஒரு வகைக்கு, செய்த ஊரை வைத்து ரெடிங் வண்டி என்று பெயர். ஸ்டேபிள்ஸ் வீட்டிலிருந்து சில மைல் தூரம்தான் ரெடிங். சொந்தக்காரன் செத்தால் அவன் வண்டியைக் கொளுத்திவிடுவது அவர்களிடையே ஒரு வழக்கம். வாழ்ந்தவனோடு வீடும் போகவேண்டும், வேறொருவன் அதில் படுக்கக்கூடாது.

இவர்கள்மீது சட்டம் கைவைத்தது நானூறு ஐநூறு வருஷ சமாச்சாரம். எட்டாம் ஹென்றியின் 1530ஆம் வருஷச் சட்டம் எகிப்தியர்களைப் பதினாறு நாளில் நாட்டைவிட்டுப் போகச் சொன்னது. ஜிப்ஸிகள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்ததால் அந்தப் பெயர். 1554ல் வந்த சட்டம், ஒரு மாதத்துக்குமேல் தங்கினால் மரண தண்டனை என்றது. அலைச்சலை விட்டுவிட்டு யாரிடமாவது வேலைக்குப் போய் ஒழுங்காக ஒரு இடத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் வைத்தது. அலைவதே குற்றம், தங்குவதே பரிகாரம். ஆனால் தங்க இடம் யார் கொடுப்பார்கள் என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. தூக்குத் தண்டனைச் சட்டம் 1783ல்தான் ரத்தாகியது. பிறகு 1835ஆம் வருஷ நெடுஞ்சாலைச் சட்டம். சாலையோரத்தில் கூடாரம் போடும் ஜிப்ஸிக்கு நாற்பது ஷில்லிங் வரை அபராதம். தூக்கிலிருந்து அபராதத்துக்கு இறங்கியதை முன்னேற்றம் என்று சொல்வதானால் சொல்லிக்கொள்ளலாம்.

1880களில், வாண்டரர் குதூகலமாக வடக்கே உருண்டுபோன அதே வருஷங்களில், கோல்வில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தவாதி பார்லிமெண்டில் நடமாடும் குடியிருப்புகள் மசோதா கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். செங்கல் சூளைகளில் வேலை செய்த குழந்தைகளுக்காகவும், கால்வாய்ப் படகுகளில் வளர்ந்த குழந்தைகளுக்காகவும் உண்மையாகவே உழைத்தவர். அடுத்து ஜிப்ஸிக் குழந்தைகளிடம் வந்தார். ஒவ்வொரு வண்டி வீட்டையும் பதிவு செய்யவேண்டும், அதிகாரிகள் உள்ளே புகுந்து பார்க்கவேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவேண்டும். மசோதா திரும்பத் திரும்ப வந்து திரும்பத் திரும்பத் தோற்றது. அதை எதிர்ப்பதற்காக 1889ல் சந்தைகளில் வேடிக்கை காட்டும் வண்டிவாசிகள் ஒரு சங்கமே கட்டினார்கள். ஸ்மித்தைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். நம் சீர்திருத்தவாதிகளிடமும் நாம் பார்த்திருப்பதுதான். அலைகிறவனின் குழந்தைமீது கருணை உண்டு, அவன் அலைச்சலில் ஒரு வாழ்க்கை இருக்கக்கூடும் என்ற சந்தேகம்கூட வருவதில்லை.

1907ல் இங்கிலாந்தில் கேரவன் கிளப் தோன்றியது. 1908ல் கென்னத் கிரஹாமின் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ வெளிவந்தது. அதில் வரும் தவளையார் ஒரு மாளிகைக்குச் சொந்தக்காரர். ஒரு ஜிப்ஸி வண்டி வாங்கி, நண்பர்களையும் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் புறப்படுகிறார். ஒரு மோட்டார் கார் வந்து வண்டி பள்ளத்தில் கவிழ்கிறது. தவளையாருக்கு வருத்தமே இல்லை. ஆசை உடனே காருக்குத் தாவிவிடுகிறது. குழந்தைகள் கதைதான். ஆனால் ஒரு வர்க்கத்தின் நாடோடி மோகத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன சமூகவியல் கட்டுரை எதையும் நான் படித்ததில்லை. வண்டி கவிழ்ந்தாலும் மாளிகை இருக்கிறது. 1919ல் பர்மிங்ஹாமில் எக்லஸ் கம்பெனி காரின் பின்னால் பூட்டி இழுக்கும் கேரவன்களைச் செய்ய ஆரம்பித்தது. தவளையாரின் இரண்டு ஆசைகளும் ஒன்றாகிவிட்டன.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு வீடில்லாத சாதாரண ஆங்கிலேயர்களும் கேரவன்களில் குடியேறினார்கள். ஆர்ட்டன் வில்சன் என்பவர் விசாரித்து 1959ல் அறிக்கை கொடுத்தார். அதையடுத்து 1960ல் கேரவன் இடங்களைப் பற்றிய சட்டம் வந்தது. நான் சொல்லவந்த விஷயத்துக்கு இந்தச் சட்டம் ஒன்றே போதும். யாருடைய நிலமானாலும் லைசென்ஸ் இல்லாமல் கேரவனை நிறுத்தி வசிக்க விடக்கூடாது என்றது சட்டம். ஊர்ப் பொதுநிலங்களில் கேரவன்கள் நிற்பதைத் தடை செய்யும் அதிகாரத்தை உள்ளூர் கவுன்சில்களுக்குக் கொடுத்தது. பழம் பறிக்கும் காலத்தில், உருளைக்கிழங்கு எடுக்கும் காலத்தில், தலைமுறை தலைமுறையாக வந்து நின்ற வயல்களும் பொதுநிலங்களும் ஜிப்ஸிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு. அங்கீகாரம் பெற்ற பொழுதுபோக்குச் சங்கங்கள், தங்கள் அங்கத்தினர்களுக்காக, ஐந்து கேரவன்கள் வரை நிற்கும் சிறிய இடங்களுக்குத் தாங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்ளலாம். யார்க்ஷையரில் எங்களுக்குக் கிடைத்த வயல் அந்த ஐந்து வண்டி வயல்களில் ஒன்று. ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறந்தது ஒரே சட்டம். திறந்த கதவு வழியாக நாங்கள் போனோம்.

இன்னும் விசித்திரமானது 1959ஆம் வருஷ நெடுஞ்சாலைச் சட்டம். அதன்படி சாலையோரத்தில் முகாம் போடுவது தெருவியாபாரியோ ஜிப்ஸியோ செய்தால் குற்றம். செயல் அல்ல, செய்கிறவன் யார் என்பதே குற்றம். அப்படியானால் ஜிப்ஸி யார்? 1967ல் இந்தக் கேள்வி நீதிபதிகள் முன்னால் வந்தது. இனத்தை வைத்துச் சொல்ல முடியாது, நிலையான தொழிலும் நிலையான வீடும் இல்லாமல் அலைந்து வாழ்கிறவனே ஜிப்ஸி என்று தீர்ப்பாயிற்று. ஆகவே ஒருவன் ஒரு தேதியில் ஜிப்ஸியாகவும் மற்றொரு தேதியில் ஜிப்ஸி அல்லாதவனாகவும் இருக்கலாம் என்றாகிறது. காஃப்கா குமாஸ்தாவாக இருந்த ஆபீஸிலிருந்து வந்த தாக்கீது போல இருக்கிறது. அந்தச் சொல் பின்னால் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது.

1968ல் எரிக் லப்பக் என்ற லிபரல் கட்சி அங்கத்தினர் முயன்று ஒரு சட்டம் வந்தது. ஜிப்ஸிகள் தங்க இடம் கொடுப்பது கவுன்சில்களின் கடமை என்றது. கூடவே, இடம் கொடுத்துவிட்ட பகுதிகளில் வேறெங்கும் நின்றால் குற்றம் என்றும் சொன்னது. 1994ல் வேறொரு சட்டம் கடமையை எடுத்துவிட்டது. 2022ஆம் வருஷச் சட்டம் இன்னொரு படி மேலே போய், அனுமதி இல்லாத நிலத்தில் வண்டியோடு வசிப்பவர், அல்லது வசிக்க நினைப்பவர், பெரிய தொல்லை கொடுத்தாலோ கொடுக்கக்கூடும் என்றாலோ, போகச்சொல்லியும் போகாவிட்டால் அவருக்கு மூன்று மாதம் வரை சிறை என்றது. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். வண்டி என்பது இங்கே வீடு. 2024 மே மாதம் உயர்நீதிமன்றம் இந்த அதிகாரங்களில் ஒரு பகுதி மனித உரிமைகளுக்குப் பொருந்தாதது என்று அறிவித்தது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். உல்லாசமாகப் போகிறவன் எல்லோரும் குற்றவாளியா? சாலையில் நிற்பதை ஒரு கலைஞன் தன் அனுபவமாக்கிக்கொள்ளக் கூடாதா? ஆட்சேபம் நியாயமானது. எனக்கு மிகவும் பிடித்த சாலைப் புத்தகம் ஒன்று இந்த ஆட்சேபத்தின் பக்கம்தான் நிற்கிறது. ஹூலியோ கொர்த்தஸாரும் அவர் மனைவி கரோல் டன்லப்பும் 1982 மே 23ஆம் தேதி பாரிஸிலிருந்து ஒரு சிவப்பு ஃபோக்ஸ்வாகன் வண்டியில் புறப்பட்டார்கள். வண்டிக்குப் பெயர் ஃபாஃப்னர், புராண டிராகனின் பெயர். மர்ஸெய் வரை ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர். ஒரு நாளில் போய்விடக்கூடிய சாலை. அவர்கள் எடுத்துக்கொண்டது முப்பத்துமூன்று நாள். விதி இரண்டு: நெடுஞ்சாலையைவிட்டு வெளியே போகக்கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு ஓய்விடங்களில் நின்று, இரண்டாவதில் இரவு தங்கவேண்டும். லாரிகள், குப்பைத் தொட்டிகள், மரத்தடி மேஜைகள், எறும்புகள் எல்லாவற்றையும் புதுக் கண்டத்தைக் கண்டவர்கள்போல் எழுதிவைத்தார்கள். புத்தகம் 1983ல் வந்தது. அதற்குள் டன்லப் இல்லை. 1982 நவம்பரில் இறந்துவிட்டார். கொர்த்தஸார் 1984 பிப்ரவரியில்.

வேகத்துக்காகக் கட்டப்பட்ட சாலையை நிற்பதற்கான இடமாக மாற்றிக் காட்டியது அந்தப் புத்தகம். நிற்பதுதான் பிரயாணம் என்பதை அதைவிட நன்றாகச் சொன்னவர்கள் இல்லை. நெடுஞ்சாலையில் நீண்ட நாள் தங்க முறைப்படி அனுமதி கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வராமல், வராதது வரட்டும் என்று புறப்பட்டதையும் அதில் விளையாட்டாகச் சொல்கிறார்கள். ஆனால் 2007ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இதைப் படித்தபோது என் மனம் வேறொரு காகிதத்துக்குப் போய்விட்டது. பிரான்ஸில் 1912ஆம் வருஷச் சட்டப்படி நாடோடிகள் ஒவ்வொருவரும் உடல் அளவுகள் குறிக்கப்பட்ட ஒரு புத்தகத்தைச் சுமக்கவேண்டும். 1940ல் அவர்கள் சாலையில் போவதே தடை செய்யப்பட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். யுத்தம் முடிந்தும் 1946 வரை சிலரை விடவில்லை. 1969ல் அந்தப் புத்தகத்துக்குப் பதிலாக நடமாட்டப் புத்தகம் வந்தது. நிலையான வருமானம் இல்லாதவர்கள் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போலீஸில் காட்டி முத்திரை வாங்கவேண்டும். ஃபாஃப்னர் ஓய்விடத்து மரநிழலில் நின்ற 1982லும் அது நடப்பில் இருந்தது. 2012ல்தான் அந்நாட்டு அரசியல் சட்ட மன்றம் அதை நீக்கியது. மற்ற மிச்சங்கள் 2017ல் போயின. பதில் வராத கடிதத்தை விளையாட்டாக்க முடிந்தவர்களும், முத்திரையில்லாத புத்தகத்துக்காக நடுங்கியவர்களும் ஒரே சாலையில் போனார்கள். இதனால் கொர்த்தஸாரின் புத்தகம் என்னளவில் சிறிதாகிவிடவில்லை. அதன் பக்கத்தில் வெற்றிடமாக இருக்கும் இன்னொரு புத்தகம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கும் இந்தக் காகிதம் வந்தது. அதே பிரிட்டிஷ் நிர்வாகம் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911ஆம் வருஷச் சட்டத்தின் மூலம் அது சென்னை ராஜதானிக்கும் நீண்டது. அதில் சிக்கியவர்களில் கொறவர்கள் உண்டு. கடற்கரை உப்பைக் கழுதைகள் மீதும் மாடுகள் மீதும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்தோடு திரும்பியவர்கள். உப்பு சர்க்காரின் ஏகபோகமாகி, ரயிலும் வந்தபின் வியாபாரம் போயிற்று. அலைச்சல் மட்டும் மிஞ்சியது. அலைச்சலைக் குற்றமென்று சட்டம் எழுதிக்கொண்டது. குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியேற்றங்களில் அவர்களைக் கொண்டுவைத்தார்கள். சட்டம் 1952ல் நீங்கியது. சந்தேகம் நீங்கிவிட்டதாகச் சொல்ல எனக்கு தைரியமில்லை. இத்தனைக்கும் உப்பு வண்டிக்காரனுக்கு நம் இலக்கியத்தில் இருக்கும் இடம் சாமான்யமானதல்ல. குடும்பத்தோடு, உபரி அச்சும் கட்டிக்கொண்டு போன உமணர்களைப் புறநானூறு அறியும். அவர்கள் விட்டுப்போன கல்லடுப்பில் பின்னால் வந்த வேறு யாரோ சமைப்பதை அகநானூறு அறியும். அந்த அடுப்புக்கு யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை.

ஜிப்ஸிகள் எகிப்தியர்கள் அல்ல, அவர்கள் பேச்சு இந்திய மொழிகளின் உறவு என்பதை ஜெர்மானிய அறிஞர்கள் ரூடிகரும் கிரெல்மனும் 1782, 1783 வருஷங்களில் எழுதினார்கள். இங்கிலாந்தில் தூக்குத் தண்டனைச் சட்டம் நீங்கியதும் அந்த 1783ல்தான். நமக்கு இதில் ஒரு பெருமை உண்டாகிவிடக் கூடிய ஆபத்து இருக்கிறது. ஆகவே பெருமையை ஒதுக்கிவிட்டு மூன்று சொற்களை மட்டும் பார்ப்போம். ரோமானி மொழியில் சாலைக்குச் சொல் திரோம். அது கிரேக்கச் சொல், போகிற வழியில் எடுத்துக்கொண்டது. வார்டோ ஈரானிய மொழிகளிலிருந்து வந்தது, அதுவும் வழியில் கிடைத்தது. இடம் என்பதற்குச் சொல் தான். அது ஸ்தானம். நம் தமிழில் தானம் என்று வருகிற அதே சொல். இங்கிலாந்து ஜிப்ஸிகள் தங்கும் இடத்தை ஆச்சின் தான் என்பார்கள், நிற்கும் இடம். சாலையையும் வண்டியையும் குறிக்கும் சொற்களை வழியில் பெற்றவர்கள், இடத்தைக் குறிக்கும் சொல்லை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோயிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் அதைத் தொலைக்கவில்லை. அந்தச் சொல்தான் வடக்கே தாணாவாகி, நம்மிடம் டாணாவாக வந்து போலீஸ் ஸ்டேஷனைக் குறித்தது. டாணாக்காரன் என்ற சொல் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். நிற்கும் இடமும், நிற்காதே என்று விரட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும் இடமும் ஒரே வேரில் முளைத்தவை.

நாங்கள் இன்வர்னெஸ் சேர்ந்தோம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் வருஷச் சட்டப்படி நடந்துபோகிறவர் பிறர் நிலத்திலும் கூடாரம் அடித்துத் தங்கலாம். வண்டிக்கு அந்த உரிமை இல்லை. கடைசி இரவு ஒரு ஏரிக்கரைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினோம். யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று வெகுநேரம் விழித்திருந்தேன். யாரும் தட்டவில்லை. தட்டியிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதும் எனக்குத் தெரியும். அட்டையை நீட்டியிருப்போம்.

யார்க்ஷையர் பண்ணைக்காரரைப் பற்றி இப்போதும் நினைக்கிறேன். மோசமான மனிதர் இல்லை. அட்டை இல்லாமல் அந்த மழையில் ஒரு குடும்பம் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவரிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் தவறாக நினைத்துவிட்டேன் என்று சொன்னபோது, அந்தத் தவறு திருத்தப்பட்டதில் எனக்கு ஏற்பட்டது நிம்மதிதான். நாங்கள் அவர்கள் அல்ல என்பது நிரூபணமாகிவிட்டது. மறுநாள் காலை என் மருமகன் முட்டைகளை உடைத்து வெங்காயம் போட்டு ஆம்லெட் செய்தான். நன்றாகத்தான் இருந்தது.